எம்.பி. லோயரும் அப்பாவின் சைக்கிளும்

அவருக்கு முன்னால் இருத்திவிட்டால் ஊமைக்கும் பேச்சு வரும் என்று டொரொன்டோவின் ஸ்காபரோப் பக்கம் சொல்வார்கள். அதில் பாதி எங்கள் ஆட்களின் வழக்கமான மிகைப்படுத்தல். மீதிப் பாதி உண்மை. கொழும்பில் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் இருந்துவிட்டு வந்து, கட்டின மனைவிக்கே ஒரு வார்த்தை சொல்லாத ஆண்கள், அவருடைய மேசைக்கு எதிரே இருந்து மடை திறந்த மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவர்கள் தமிழில் சொன்னதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னவள் நான். மூன்று வருடம் அதுதான் என் வேலை.

அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. மோர்னிங்சைட் பக்கம் இரண்டு மூன்று வீடுகளில் அவருடைய படம் சாமியறையில் இருக்கிறது. அந்தச் சனம் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

அவர் அமெரிக்கர். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மாநிலத்தில், மர ஆலைகள் நிறைந்த சிறு நகரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். அந்த மாநிலத்துச் சட்டசபைக்கு இரண்டு தடவை தெரிவாகி, மூன்றாம் தடவை தோற்றவர். மனைவி டொரொன்டோக்காரி. தோற்ற கையோடு மனைவியின் ஊருக்கு வந்து, நாற்பத்தைந்து வயதில் திரும்பவும் பரீட்சை எழுதி, எக்ளின்டன் வீதியில் ஒரு பல் வைத்தியருக்கு மேலே இரண்டு அறை எடுத்து அகதி வழக்குப் பார்க்கத் தொடங்கினார். மாநிலச் சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்க எவருக்கு நேரம் இருந்தது? எம்.பி. லோயர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. திருத்துவதற்கு அவர் அவ்வளவு வெட்கப்பட்டவராகவும் தெரியவில்லை.

வாக்குக் கேட்டுப் பழகிய உடம்பு அவருக்கு. கை கொடுத்தால் இரண்டு கையாலும் கொடுப்பார். ஒரு தரம் கேட்ட பெயரை மறக்கமாட்டார். உங்கள் பெயரை மட்டுமல்ல, உங்கள் மாமியாருக்கு எந்தக் காலில் வாதம் என்பதையும் மறக்கமாட்டார். பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கலியாணம், செத்தவீடு ஒன்றையும் தவறவிடமாட்டார். செத்தவீட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் போய் நிற்பார். சாமத்தியவீட்டில் முன்வரிசையில் இருப்பார். இந்த வித்தியாசத்தை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழில் அவருக்கு நாலைந்து சொற்கள் வரும். "இருங்கோ", "சொல்லுங்கோ", "பயப்பிடாதேங்கோ." அந்த "பயப்பிடாதேங்கோ" என்ற சொல்லை அவர் சொல்லும்போது அழாத கிழவிகளை நான் கண்டதில்லை.

என்னையும் அந்தச் சொல்தான் விழுத்தியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் சொந்த வழக்குக்காக நான் அவரிடம் போனேன். எனக்கு ஆங்கிலம் தெரியும், இடையில் ஆள் தேவைப்படவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கேட்கும்போது அப்படித்தான் செய்வார். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

என் அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். ஒரு நாள் காலை பத்து மணிபோல, அப்பா சைக்கிளில் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வர, நான் என்னுடைய சைக்கிளில் கூட வந்தேன். சந்தியில் ஆமி மறித்து, ஆம்பிளைகளைப் பிடித்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தது. அப்பாவையும் ஏறச் சொன்னார்கள். அப்பா ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கிளுவை வேலியில் சாய்த்தார். பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பூட்டின் திறப்பைத் தம்பியின் கையில் கொடுத்து, "நீ சைக்கிள் ஓடாதை, விழுவாய். நான் வந்து எடுக்கிறன்" என்றார். துவக்கோடு நின்ற ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா லொறியில் ஏறினார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. அவன் அந்தச் சைக்கிளைத் தொடவே இல்லை. நாங்கள் இடம்பெயரும் வரைக்கும் அது அந்த வேலியிலேயே நின்றது.

நான் சொல்லி முடித்ததும் அவர் பேனையை எடுத்தார். ஒரேயொரு கேள்வி கேட்டார். பூட்டை எத்தனை தரம் இழுத்துப் பார்த்தார்? இரண்டு தரம் என்றேன். அதை எழுதிக்கொண்டார். இதை எவராலும் கற்பனை செய்ய முடியாது, விசாரணையில் இந்தப் பூட்டு ஒன்றே போதும் என்றார். போதுமாகத்தான் இருந்தது. அரை மணித்தியாலத்தில் என்னை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதமே தன்னிடம் வேலைக்கு வரச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவருடைய பழைய சட்டசபையைப் பற்றிய கதைகள் எங்களுக்குப் பொழுதுபோக்கு. ஒரு டிசம்பரில், நத்தார் மதியம், அலுவலகத்தில் மட்டன் ரோல்ஸும் கேக்கும் வைத்துக்கொண்டு இருந்தபோது, தான் கொண்டுவந்த சட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். மர ஆலைகளில் மரம் அறுக்கும் வாளுக்கு மூடி போட வேண்டும் என்ற சட்டம். முதல் தடவை புள்ளிவிபரத்தோடு போய்ப் பேசினாராம், ஒருவரும் கை தூக்கவில்லை. இரண்டாம் தடவை, வலது கையை வாளுக்குக் கொடுத்துவிட்டு இடது கையால் மகளின் கலியாணப் பதிவில் கையெழுத்திட்ட தன் மாமாவைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சை எங்களுக்கு எழுந்து நின்று அப்படியே செய்து காட்டினார். அலுவலகத்தில் வேலைக்கு இருந்த நாங்கள் மூன்று பேரும் கண்ணைத் துடைத்தோம். சட்டம் நிறைவேறிவிட்டது என்று சொல்லிவிட்டு, கேக்கை வாயில் போட்டபடி, தனக்கு மாமாவே கிடையாது என்றார்.

அந்தக் கை அவருடைய ஊரில் வேறு ஒருவனுடையது. அவனிடம் கேட்காமலே எடுத்துப் பேசியிருக்கிறார். அடுத்த தேர்தலில் அந்த மனுசன் வாக்குச்சாவடிகளுக்கு வெளியே நின்று, இது என்னுடைய கை என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினானாம். அதனால்தான் தோற்றேன் என்றார். "அவனைப்போல நூறு பேரின் கையைக் காப்பாற்றிய சட்டம் அது. நன்றி கெட்டவன்." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் இருந்து விலகி, விசாரணைகளில் மொழிபெயர்க்கும் வேலையைச் சொந்தமாகச் செய்யத் தொடங்கினேன். மனக்கசப்பு ஒன்றும் இல்லை. கேக் வெட்டித்தான் அனுப்பினார். ஒரு நாள், வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் என்று என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். வழக்காளி நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கடலில் தொழில் செய்தவர். எம்.பி. லோயர் எழுதிய கோப்பு. அன்று அவர் வராமல் தன்னுடைய இளைய வழக்கறிஞர் ஒருவரை அனுப்பியிருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. "அவர் சொல்கிறார்" என்று மொழிபெயர்க்கக் கூடாது. வழக்காளி "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. தொடங்கும் முன்னர் அதற்குச் சத்தியமும் செய்கிறோம். அந்த மனிதர் நிலத்தைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்புவிக்கிற குரலில் தொடங்கினார். நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன். என் அப்பாவை லொறியில் ஏறச் சொன்னார்கள். என் அப்பா சைக்கிளை வேலியில் சாய்த்தார். என் அப்பா பூட்டினார்.

தீர்ப்புச் சொல்ல இருந்தவர்களில் ஒருவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, பூட்டிய பிறகு என்ன செய்தார் என்று கேட்டார். "ரெண்டு தரம் இழுத்துப் பாத்தவர்," என்றார் வழக்காளி. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அறையில் அது அவருக்குப் பொய், எனக்கு உண்மை. சத்தியம் செய்திருந்த நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

வெளியே கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். உங்களுடைய தகப்பனாருக்கு இது எந்த ஊரில் நடந்தது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, உது லோயர் அய்யா எழுதித் தந்து பாடமாக்கச் சொன்னது. என்ரை அப்பா இப்பவும் ஊரிலை இருக்கிறார். எனக்கு மகனைத்தான்..." என்றார். பிறகு, "அவனைப் பற்றிக் கதைக்க எனக்கு ஏலாது. அய்யாவுக்கு முன்னாலையும் ஏலாமப் போச்சு," என்றார்.

எம்.பி. லோயருக்கு முன்னால் பேச்சு வராத ஒரே ஆள் அவர்தான். பேச முடியாதவருக்கு என்னுடைய பேச்சை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் அந்த மனிதரைக் காட்டிக் கொடுக்கவில்லை. வீட்டில் அவருக்கு வேறு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

நேரே எக்ளின்டனுக்குப் போனேன். எம்.பி. லோயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான் கத்தி முடிக்கும் வரை கேட்டார். மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. எண்ணிக்கைக்காக எவரும் கை தூக்கமாட்டார்கள், ஒரு மனிதனுக்காகத்தான் தூக்குவார்கள் என்று தன் பழைய பாடத்தைச் சொன்னார். பிறகு கேட்டார்: "உன் அப்பா இதுவரை ஏழு குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் இங்கே இருந்தால் வேண்டாம் என்பாரா?"

அப்பா வேண்டாம் என்றிருக்கமாட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படியிறங்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதனால் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு நான்தான் பொறுப்பு. அதை அவர் தலையில் போடமாட்டேன்.

அடுத்த வருடம் தம்பி வந்து சேர்ந்தான். அம்மாவும் அவனும் அதுவரை கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். பொலிஸ் அவனை ஒரு தடவை பிடித்து இரண்டு கிழமை, பதினாலு நாள், வைத்திருந்துவிட்டு விட்டது. அம்மா பயந்து, அவனை முதலில் அனுப்பிவிட்டாள். எம்.பி. லோயர் அப்போது புதிய வழக்கு எடுப்பதை நிறுத்தியிருந்தார். பழைய மாநிலத்தில் அவருடைய கட்சி திரும்பவும் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தது. நான் தம்பியை வேறொரு வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சிரிப்பே வராத ஒரு வெள்ளைக்காரப் பெண்.

தம்பி சைக்கிள் என்று தொடங்கியதுமே அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். இந்தச் சைக்கிளை இப்போது எல்லாருக்கும் தெரியும், இதைச் சொன்ன இரண்டு பேரைப் போன மாதம் மறுத்துவிட்டார்கள் என்றார். எங்களுடையதுதான் உண்மை, இந்தக் கதை முதலில் வந்ததே என் பழைய கோப்பில்தான் என்றேன் நான். அவர் என்னைப் பார்த்தார். "நீ அந்த அலுவலகத்தில் வேலை செய்தவள். நீதான் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தாய் என்பார்கள்."

ஒரேயொரு வழி இருந்தது. அந்தக் கதை எங்களுடையது, தன்னிடம் வந்த மற்றவர்களுக்கு அதை எழுதிக் கொடுத்தது தான்தான், அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்று எம்.பி. லோயர் சத்தியக் கடிதம் தர வேண்டும். அது இல்லாமல் தம்பி அப்பாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி கேட்டான்: "அக்கா, உது எங்கடை அப்பா. ஆரோ ஒரு ஆளின்ரை கடுதாசி இருந்தால்தான் எங்கடை அப்பாவோ?"

எம்.பி. லோயரின் அலுவலகத்தில் சாமான்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி வைத்திருந்தார்கள். தம்பியின் கைகளை இரண்டு கையாலும் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவைக் கொண்டுபோய் ஆறு வருடத்தில் என்னோடு அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்காத தம்பி, அவரிடம் ஒரு மணித்தியாலம் சொன்னான். நான் மொழிபெயர்த்தேன். திறப்பைத் தரும்போது அப்பாவின் கை நடுங்கியது என்று சொன்னான். நான் தள்ளி நின்றதால் எனக்கு அது தெரியாது. அன்றைக்குத்தான், அதுவும் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான், நான் அதை அறிந்துகொண்டேன். அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். கடிதம் வெள்ளிக்கிழமை வரும் என்றார், "பயப்பிடாதேங்கோ" என்றார்.

"நல்ல மனிசன் அக்கா," என்றான் தம்பி. ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி கடிதம் வந்தது. அவ்வளவு அழகான கடிதத்தை நான் வாசித்ததில்லை. எங்கள் குடும்பம் எவ்வளவு நேர்மையானது, நான் எப்படி உழைத்தேன், தம்பியின் கண்ணில் எவ்வளவு துயரம், இப்படிப்பட்டவர்களால் இந்த நாடு எவ்வளவு பெருமைப்படும் என்று இரண்டு பக்கம். நான் மூன்று தரம் வாசித்தேன். சைக்கிளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நாலு நாள் விடாமல் தொலைபேசி எடுத்த பிறகு அமெரிக்காவில் இருந்து என்னோடு கதைத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்பதில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பிறகு, தான் அப்படிச் சத்தியம் செய்தால் ஏழு குடும்பத்தின் கோப்புகளையும் திரும்பத் திறப்பார்கள், சின்னப் பிள்ளைகளோடு அவர்கள் திரும்பிப் போக வேண்டிவரும், அதை நான் விரும்புகிறேனா என்று மெதுவாகக் கேட்டார்.

"தேர்தல் எப்போது?" என்று கேட்டேன்.

"நவம்பர்," என்றார்.

அந்த ஏழு குடும்பத்தை நினைத்து அவருக்கு நியாயம் தேடிப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதை வெள்ளிக்கிழமைக்கு முதல் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். முடியாது என்றிருந்தால் நான் அழுதுவிட்டுப் போயிருப்பேன். தம்பியின் வாயைத் திறக்க வைத்து, கேட்டு, கண் கலங்கி, வாக்குக் கொடுத்து, பிறகு அந்த இரண்டு பக்கத்தை அனுப்பினாரே, அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. அவர் என்னை ஏமாற்றினார். அதற்கு வேறு நல்ல சொல் தேட எனக்கு விருப்பமில்லை.

தம்பியின் விசாரணை இலையுதிர்காலத்தில் வந்தது. கொழும்பில் பொலிஸ் பிடித்ததை மட்டும் சொன்னான். தகப்பன் எங்கே என்று கேட்டார்கள். "காய்ச்சல் வந்து செத்தவர்," என்றான். எந்த வருடம் என்றார்கள், சொன்னான். எவரும் பேனையைக் கீழே வைக்கவில்லை. ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வாங்கில் அமர்ந்து காத்திருந்த என்னிடம் அவன் வந்து, "அக்கா, பசிக்குது," என்றான். போய்ச் சாப்பிட்டோம். நவம்பரில் எம்.பி. லோயரும் வென்றார். நத்தாருக்கு எங்களுக்கு வாழ்த்து மட்டை வந்தது, தம்பியின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

பிறகு அம்மாவைக் கூப்பிடுவதற்குப் படிவம் நிரப்பினோம். கணவர் என்ற இடத்தில் என்ன எழுதுவது? காணாமல் போனவர் என்று எழுதினால் தம்பி சத்தியம் செய்து பொய் சொன்னவனாகிவிடுவான். எனக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது, அவனுடைய நிரந்தர வதிவுரிமை இன்னும் கைக்கு வரவில்லை. அம்மா விதவை என்றுதான் எழுத வேண்டும், மரணச் சான்றிதழும் எடுக்க வேண்டும் என்றார் அந்தச் சிரிக்காத வழக்கறிஞர். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

நான்தான் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாவைக் கொண்டுபோன நாளில் இருந்து அம்மா ஒரு நாளும் பொட்டு வைக்காமல் இருந்ததில்லை. தாலியைக் கழற்றவில்லை, திவசம் செய்யவில்லை. சொந்தக்காரர் மெல்ல எடுத்துச் சொன்னபோதெல்லாம், வருகிற மனிசனுக்கு ஆர் திவசம் செய்வது என்று அவர்களை வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறாள். அவளிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். படம் எடுக்கும்போது பொட்டில்லாமல் எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"அவர் செத்தது எண்டு ஆர் பிள்ளை சொன்னது?" என்று கேட்டாள்.

தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே விளங்கிக்கொண்டாளோ தெரியாது. சரி, அவன் அங்கை நிண்டால் எனக்கு அது போதும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மூன்று கிழமையில் கடித உறை வந்தது. தம்பி வேலைக்குப் போயிருந்தான், நான் தனியாகத்தான் பிரித்தேன். மரணச் சான்றிதழில் அம்மா தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் தன் கையால் ஒப்பம் இட்டிருந்தாள். கூடவே நாலு கடவுச்சீட்டுப் படம். நாலிலும் அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவித் துடைத்த நெற்றியில், இத்தனை வருடம் குங்குமம் இருந்த இடம் வட்டமாகக் கறுத்துக் கிடந்தது.